குழாய்க்குச் சான்றிதழ் இருக்கிறது... மண்ணுக்கு?



சில வாரங்களுக்கு முன் பெனுட் பக்கத்திலிருந்து ஓர் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கிள்ளான் பள்ளத்தாக்கில் அவருடைய மகள் வீடு வாங்கியிருக்கும் தாமான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் கம்பம். எச்சரிக்கை, கீழே எரிவாயுக் குழாய் என்று மலாயில் எழுதியிருக்கிறது.

"லாயர் தம்பி, மக வீட்டுக் கடன் இன்னும் 30 வருஷம் இருக்கு. இந்தக் குழாய யாராச்சும் செக் பண்றாங்களா? பண்ணா எங்களுக்கும் சொல்லலாம்ல?"

சட்டம் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? யார் சான்றளித்தார்கள்? இரண்டே கேள்விகள்தான். 'குழாய் பாதுகாப்பாக உள்ளது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. தேதியும் இல்லை, பெயரும் இல்லை.

அந்த அக்கா வீணாகப் பயப்படவில்லை. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்தது. பல மாடி உயரத்துக்குத் தீ எழுந்தது. அதை அணைக்க ஏறக்குறைய 8 மணி நேரம் ஆனது. தரையில் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. 80-க்கும் மேற்பட்ட வீடுகள் கடுமையாகச் சேதமடைந்தன. 100-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பெருநாள் உடையோடு ஓடி வந்த குடும்பங்கள் பள்ளிவாசலில் தங்கின. எரிந்தது மலாய்க்காரர் வீடா, தமிழர் வீடா, சீனர் வீடா என்று தீ பார்க்கவில்லை.

பக்கத்தில் நடந்த மண்வேலைதான் காரணமோ என்று முதலில் பலரும் சந்தேகப்பட்டார்கள். ஜூன் 30-ஆம் தேதி வெளிவந்த அதிகாரப்பூர்வ ஆய்வறிக்கை வேறொன்றைச் சொன்னது. குழாயின் அடியிலிருந்த மண் தாங்கும் பலத்தை இழந்துவிட்டது. தாங்கல் இல்லாத குழாய் மீண்டும் மீண்டும் அசைந்தது. அந்த அசைவில் வெல்டிங் இணைப்பு பலவீனப்பட்டு உடைந்தது.

உறவுகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். குற்றவாளி மண்!

எரிவாயுக் குழாயை எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். புதைப்பதற்கு முன் வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரே எடுப்பார்கள். வழக்கமான அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் தண்ணீரை அடைத்து, தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். துருப்பிடிக்காமல் இருக்க மேலே பூச்சு பூசி, சிறு மின்னோட்டமும் கொடுப்பார்கள். குழாய் ஓடத் தொடங்கிய பிறகு 'பிக்' என்ற கருவியை உள்ளே விடுவார்கள். வாயுவே அதைத் தள்ளிக்கொண்டு போகும். போகும் வழியெல்லாம் எங்கே துரு, எங்கே நசுங்கல், எங்கே இரும்பு மெலிந்திருக்கிறது என்று அது பதிவு செய்யும். மேலே ஆட்கள் நடந்தும் வாகனத்திலும் ரோந்து போவார்கள்.

இவை எல்லாம் தேவையான வேலைகள், நல்ல வேலைகள். ஆனால் இரும்பின் தடிமனை அளக்கும் கருவி, அதற்குக் கீழே மண் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. அதற்குக் குழாய் இடம் மாறியிருக்கிறதா என்று பழைய அளவோடு புதிய அளவை ஒப்பிட வேண்டும். மண்ணைத் துளையிட்டுப் பார்க்க வேண்டும். மழைநீர் எங்கே தேங்குகிறது, எங்கே அரிக்கிறது என்று கவனிக்க வேண்டும். குழாய்க்குக் கொடுக்கும் சான்றிதழில் மண்ணும் அடங்கியிருக்கிறதா? அதுதான் நம் கேள்வி.

மண்ணைப் பற்றி நம் பொந்தியான் மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அன்னாசி விளையும் நம் கரிமண் நிலத்தில் வீட்டுப் படிக்கட்டு தரையை விட்டு விலகி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மின்கம்பம் சாயும், சாலை அலை அலையாகும். வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கினால் கரிமண் அமுங்கும். மேற்கு ஜொகூரில் நடந்த ஆய்வுகளின்படி இது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். 10 ஆண்டில் ஒரு சாண்! தோட்டத்தில் கால்வாய் வெட்டிய நம் தாத்தாவுக்குத் தெரிந்த விஷயம் இது.

நம் வீடுகளில் பெரும்பாலும் சிலிண்டர்தானே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. தீபகற்பத்தின் எரிவாயுக் குழாய் வலைப்பின்னல் 2,500 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அதன் ஒரு கிளை சிகாமட் வழியாக ஜொகூரில் இறங்குகிறது. 1992 முதல் சிங்கப்பூருக்கும் அதில் எரிவாயு போகிறது. அதோடு, தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் பிள்ளைகள் எங்கே வீடு வாங்குகிறார்கள்? விலை குறைந்த இடத்தில். விலை ஏன் குறைவு என்று விற்பவர் சொல்வதில்லை.

சான்றிதழ் மட்டும் போதும் என்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2010 செப்டம்பர் 9, அமெரிக்காவின் சான் புருனோ நகரில் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. 1956-இல் புதைத்த அந்தக் குழாய் வெல்டிங் தையல் இல்லாத குழாய் என்று நிறுவனத்தின் பதிவேடு சொன்னது. தோண்டிப் பார்த்தால் தையல் இருந்தது, அதுவும் குறையுள்ள தையல். காகிதம் ஒன்று சொன்னது, இரும்பு வேறொன்று சொன்னது. 2016-இல் அந்த நிறுவனம் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பளித்தது.

2014 ஜூன் 27 விடியற்காலை, ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வாயுவோடு சேர்ந்து ஓடிய நீர் குழாயை உள்ளேயிருந்து அரித்திருந்தது. கசிவு இருப்பதாக முன்பே சொன்னோம் என்று ஊர் மக்கள் அழுதார்கள். சொன்னவர்கள் ஏழைகள், கேட்க ஆளில்லை.

நம் நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கிறது. பெரிய குழாய்களுக்கு 1984-ஆம் ஆண்டின் பெட்ரோலியப் பாதுகாப்புச் சட்டம். அதைக் கவனிப்பது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் வரும் விநியோகக் குழாய்களுக்கு 1993-ஆம் ஆண்டின் எரிவாயு விநியோகச் சட்டம். அதைக் கவனிப்பது எரிசக்தி ஆணையம். நிறுவனத்துக்கும் துறைக்கும் நடுவே காகிதங்கள் போய்வருகின்றன. மேலே குடியிருக்கும் குடும்பத்துக்கு மட்டும் அதில் ஒரு பக்கம்கூட வருவதில்லை.

தகவல் அறியும் உரிமைக்குச் சிலாங்கூரும் பினாங்கும் மாநிலச் சட்டம் இயற்றின. ஆனால் அவை மாநில அலுவலகங்களைத்தான் கட்டுப்படுத்தும். குழாயைக் கண்காணிப்பதோ கூட்டரசுத் துறை. இன்னொரு பக்கம் 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இருக்கிறது. என் தலைமாட்டில் ஓடும் குழாயின் நிலை எனக்கே இரகசியமா? இது என்ன நியாயம்?

எரிவாயுவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் வேலை செய்யும் தொழிற்சாலைகள் அதில்தான் ஓடுகின்றன. நாம் கேட்பது இவ்வளவுதான்:

1. கடைசிப் பரிசோதனை நடந்த தேதி, செய்தவர், முடிவு, அடுத்த பரிசோதனை எப்போது ஆகியவற்றைக் குழாய் போகும் ஒவ்வொரு தாமானிலும் மக்களுக்குப் புரியும் மொழியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

2. சதுப்பு, கரிமண், ஆற்றோர நிலங்களில் மண்ணையும் சோதித்துத்தான் சான்றிதழ் கொடுங்கள்.

3. குழாய்க்குச் சொந்தக்காரர் சம்பளம் கொடுத்து அமர்த்தும் ஆய்வாளர் மட்டும் போதாது. அவர் தேர்ந்தெடுக்காத இன்னொரு கண்ணும் பார்க்கட்டும்.

4. வீடு வாங்கும்போது கையெழுத்திடும் ஜி, எச் அட்டவணை ஒப்பந்தங்களில் ஒரு வரி சேருங்கள்: எரிவாயுக் குழாய் இந்த வீட்டிலிருந்து எத்தனை மீட்டர்?

அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். வீடு வாங்குமுன் சுற்றி நடந்து பாருங்கள், மஞ்சள் கம்பம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள். குழாய்ப் பாதையில் தரை இறங்கினாலோ, புல் காரணமின்றிக் கருகினாலோ, தேங்கிய நீரில் குமிழி வந்தாலோ, 'உஸ்' என்று சத்தம் கேட்டாலோ விலகி நின்று 999-க்கு அழையுங்கள். பெரிய குழாய்களில் ஓடும் வாயுவுக்கு வாடை இல்லாமலும் இருக்கலாம், எனவே மூக்கை மட்டும் நம்பாதீர்கள். புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளை நீதிமன்றத்தில் அந்த முத்திரைதான் பேசும்.

காலக்கெடுவையும் மறக்காதீர்கள். அரசுத் துறை மீது வழக்கு என்றால் பொதுவாக 36 மாதங்கள். தனியார் நிறுவனத்தின் கவனக்குறைவு என்றால் பொதுவாக 6 ஆண்டுகள். உதவித்தொகை வந்தது, போதும் என்று உட்கார்ந்துவிட்டு, கெடு முடிந்த பிறகு வழக்கறிஞரிடம் ஓடி வந்து பயனில்லை.

அந்த அக்காவுக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. இரண்டாவது கடிதம் தயாராகிறது. இம்முறை என் கையெழுத்து மட்டும் இல்லை. அந்த வரிசையில் இருக்கும் மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் எல்லாரிடமும் மகள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். கேட்பவர் ஒருவர் என்றால் ஒரு வரியில் பதில் சொல்வார்கள். ஊரே கேட்டால் தேதியோடு சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேட்போம், உறவுகளே. எழுதிக் கேட்போம்.

— பொந்தியானிலிருந்து ஒரு வழக்கறிஞர்