ஓசையின்றி விலக்குவது நீதியாகுமா?



உறுப்பினர்களின் குழந்தைகளுக்கெனக் காப்பகமோ மாணவர் விடுதியோ நடத்தும் எந்தச் சங்கத்திலும் ஒரு நாள் இவ்வாறு நேரக்கூடும். ஊழியர் ஒருவர் தம் குழந்தையிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று ஒரு தாய் வந்து முறையிடுகிறார். உடனே நிர்வாக சபையில் ஒருவர், "சங்கத்தின் பெயர் கெட வேண்டாம், ராஜிநாமாவை வாங்கிக்கொண்டு, நன்னடத்தைச் சான்றும் கொடுத்து அனுப்பிவிடுவோம்" என்பார்.

இதனினும் தீய வழி வேறில்லை. அவர் குற்றவாளியாயின், நமது சான்றுடனேயே அவரை அடுத்த ஊர்க் குழந்தைகளிடம் அனுப்பியவர்களாவோம். நிரபராதியாயின், வாழ்நாளெல்லாம் துடைக்க முடியாத கறையை அவர்மீது ஏற்றியவர்களாவோம்.

சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததென அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது 21ஆம் பிரிவு.

ஆகவே, புகார் வந்த அன்றே காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஊழியரைப் பணியிடை நீக்கம் செய்து, குழந்தைகளிடமிருந்து அகற்ற வேண்டும். இது தண்டனையன்று, விசாரணை முடியும்வரை அவருக்கு விதிப்படி பிழைப்பூதியம் தர வேண்டும். பிறகு குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் பெற்று, இரு தரப்பிலும் சாராத ஒருவரைக்கொண்டு விசாரிக்க வேண்டும். கிரிமினல் கோர்ட்டில் வேண்டிய அளவு ருசு இங்கே வேண்டியதில்லை. ஆயினும் வதந்தி ருசுவாகாது.

குழந்தையை அவர் எதிரில் நிறுத்திக் கேள்விகளால் துளைக்க வேண்டுமா என்று சிலர் அஞ்சுவர். நவோதய வித்யாலய ஆசிரியர் ஒருவரின் வழக்கில், மாணவியைக் குறுக்கு விசாரணை செய்ய விடாமலும், வழக்கமான முழு விசாரணை நடத்தாமலும் செய்த பணிநீக்கம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்நிறுவனத்தின் விதிகளில் அதற்கு இடமிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. விதி இல்லாதவர் அத்தீர்ப்பை மட்டும் காட்டித் தப்ப இயலாது.

நமது சங்கங்களின் பணி விதிகளில் இதற்கு இடமுண்டா? அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும். இல்லையெனில், புகார் எதுவும் வருமுன்னரே விதி செய்துகொள்வதே அறிவுடைமை. புகார் வந்தபின் செய்யும் விதியை எவரும் நடுநிலையானதென்று நம்பமாட்டார்.