சான்றுக் குறிப்புகளும் துணைநூற்பட்டியலும்: இதழாசிரியர் குழுவின் நிலைப்பாடு

ஆய்வுக் கட்டுரையில் வரும் சான்றுக் குறிப்புக்கு வேலை ஒன்றுதான். கட்டுரையாளர் பார்த்த அதே பக்கத்தையோ பாடலையோ கல்வெட்டையோ வாசகரும் தேடி எடுக்க அது வழிசெய்ய வேண்டும். காற்புள்ளி எங்கே விழுகிறது, நூற்பெயர் சாய்வெழுத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். ஆகவே தமிழியல் இதழுக்கு வரும் கட்டுரைகளில் குறிப்பின் முழுமைக்குக் கட்டுரையாளர் பொறுப்பு, வடிவத்துக்கு இதழ் பொறுப்பு என்பது இதழாசிரியர் குழுவின் நிலைப்பாடு.

இன்று புழங்கும் முறைகள் ஒவ்வொன்றும் ஒரு துறையின் தேவையில் பிறந்தவை. உளவியலில் ஆய்வு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பது முக்கியம், எனவே ஏ.பி.ஏ. முறையில் பெயரை அடுத்தே ஆண்டு வந்துவிடுகிறது. இலக்கியத் துறையில் பழையது என்பதால் ஒரு நூல் மதிப்பிழப்பதில்லை, எம்.எல்.ஏ. முறை கட்டுரைக்குள் ஆண்டை விட்டுவிட்டுப் பக்க எண்ணைத் தருகிறது. வரலாற்றாய்வாளருக்கு அடிக்குறிப்பு இல்லாமல் கை ஓடாது. சிகாகோ கையேடு அதற்கு இடம் தருகிறது. மருத்துவ இதழ்களின் எண்முறை வான்கூவர் எனப் பெயர் பெற்றது, 1978இல் அவற்றின் ஆசிரியர்கள் அந்நகரில் கூடியதால். இந்த விதிகளும் நிலையாக நிற்பவை அல்ல. ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு 2019இலும் எம்.எல்.ஏ. ஒன்பதாம் பதிப்பு 2021இலும் சிகாகோ பதினெட்டாம் பதிப்பு 2024இலும் வந்தன. முதல் சமர்ப்பிப்பில் இவற்றில் எதுவும் ஏற்கப்படும். ஒரே கட்டுரைக்குள் இரண்டு முறைகள் கலக்காமல் இருந்தால் போதும். மதிப்பீட்டில் திரும்பிவிடக்கூடிய கட்டுரைக்காக முனைவர் பட்ட மாணவர் ஒருவர் இரவெல்லாம் அடைப்புக்குறி திருத்திக்கொண்டிருப்பதால் ஆய்வுக்கு ஒரு லாபமும் இல்லை. கட்டுரை ஏற்கப்பட்டபின் இதழின் வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது மெய்ப்புப் பிரிவின் வேலை.

பெயர்களில்தான் சிக்கல் அதிகம். மேலைநாட்டு முறைகள் குடும்பப் பெயரை முன்னால் எழுதச் சொல்கின்றன. தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலும் குடும்பப் பெயரே கிடையாது. முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும். உ. வே. சாமிநாதையர் என்பதில் ‘உ’ உத்தமதானபுரம், ‘வே’ தந்தை வேங்கடசுப்பையர். ஸோட்டெரோ, மெண்டலே போன்ற மென்பொருள்கள் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும்போது நிரப்புபவர் தடுமாறுகிறார். ஒரே பட்டியலில் ஒருவர் இருவராகிவிடுகிறார். இதழில் இயற்பெயரைக் கொண்டே அகரவரிசை அமையும். முன்னெழுத்து காற்புள்ளிக்குப் பின் வரும்: சாமிநாதையர், உ. வே. முன்னெழுத்தை விரித்தெழுத வேண்டாம், விட்டுவிடவும் கூடாது. பிள்ளை, முதலியார் போன்ற பின்னொட்டுகள் முகப்பேட்டில் இருந்தால் இருக்கட்டும். சாதிப் பெயரை எழுதுவதில்லை என்பது கட்டுரையாளரின் கொள்கையாக இருக்கலாம். நூலகப் பட்டியலில் தேடுபவருக்கு அந்தக் கொள்கை தெரியாது. புனைபெயரில் வெளிவந்த நூல் புனைபெயரிலேயே இடம்பெறும்: சொ. விருத்தாசலத்தின் கதைகளைத் தேடுபவர் புதுமைப்பித்தன் என்றுதான் தேடுவார்.

பழைய இலக்கியங்களுக்குப் பக்க எண் மட்டும் தருவது அநேகமாகப் பயனற்றது. ‘புறநானூறு, ப. 345’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு, வேறு பதிப்பு கையில் உள்ள வாசகர் எங்கும் போக முடியாது. ‘புறம். 192’ என்றால் எந்தப் பதிப்பிலும் அந்தப் பாடலைக் கண்டுபிடிக்கலாம். 267, 268ஆம் புறப்பாடல்கள் கிடைக்கவில்லை என்றாலும் அவற்றின் எண்கள் காலியாகவே விடப்பட்டிருப்பதால் பின்வரும் வரிசை குலையவில்லை. எல்லா நூல்களுக்கும் இந்த வசதி இல்லை. தொல்காப்பிய நூற்பாக்களை இளம்பூரணர் பிரித்ததும் நச்சினார்க்கினியர் பிரித்ததும் பல இடங்களில் வேறு. எண்ணும் அதற்கேற்ப மாறும். எனவே தொல்காப்பிய மேற்கோளில் உரையாசிரியர் பெயர் கட்டாயம். திருக்குறளிலும் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மணக்குடவருக்கும் பரிமேலழகருக்கும் ஒன்றல்ல. குறள் எண் மட்டும் தரப்பட்டால் அது பரிமேலழகர் வரிசை என்று கொள்ளப்படும்.

பாடல் எண் தந்த பின்னும், பாடபேதம் பற்றிப் பேசும் கட்டுரைக்குப் பதிப்பு விவரம் தேவை. புறநானூறு உ. வே. சா. பதிப்பாக முதலில் வந்தது 1894இல். மறுஅச்சு ஒன்றைப் பார்த்துவிட்டு ‘சாமிநாதையர், 2014’ என்று எழுதினால், 1942இல் மறைந்தவர் 2014இல் பதிப்பித்ததாக ஆகிவிடும். பார்த்த அச்சின் ஆண்டை முதலிலும் முதற்பதிப்பின் ஆண்டைப் பகர அடைப்புக்குள்ளும் தருவது இதழின் முறை. பதிப்பாசிரியரை நூலாசிரியர் இடத்தில் நிறுத்தாமல் ‘(ப.ஆ.)’ என்று காட்ட வேண்டும்.

பழைய நூல்கள் சிலவற்றில் ஆண்டு, வருடப் பெயராக மட்டும் இருக்கும். சர்வசித்து என்றால் 1887–88ஆகவும் இருக்கலாம், 1947–48ஆகவும் இருக்கலாம்; அறுபது ஆண்டுச் சுழற்சியில் எது என்பதை அச்சகம், முன்னுரை முதலியவற்றைக் கொண்டு முடிவு செய்து பகர அடைப்புக்குள் தர வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு இன்னும் எளிதாக ஏமாற்றக்கூடியது. திருவள்ளுவர் ஆண்டுக் கணக்கில் ‘2018’ என்று அச்சிட்ட நூல் 1987இல் வெளிவந்தது. முப்பத்தொன்றைக் கழிக்காமல் அப்படியே எழுதிய பட்டியல்களில் நூல்கள் ஒரு தலைமுறை பிந்திப் பிறக்கின்றன.

கல்வெட்டுக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் வேண்டும். அதில் இன்னும் வெளிவராதவற்றுக்குக் கல்வெட்டு ஆண்டறிக்கையின் ஆண்டும் எண்ணும் தர வேண்டும். ஓலைச்சுவடிக்கு நூலகப் பெயரும் சுவடி எண்ணும் போதும். மதுரைத் திட்டம் போன்ற மின்தொகுப்பிலிருந்து எடுத்தால் எடுத்த இடத்தை அப்படியே சொல்லிவிட வேண்டும். மின்னுரையைப் பார்த்துவிட்டு அச்சு நூலின் பெயரைப் போடுவது ஏற்கப்படாது. டி.ஓ.ஐ. உள்ள கட்டுரைக்கு அதைத் தருவது கட்டாயம். இணைய முகவரி மாறினாலும் அந்த எண் மாறாது.

தமிழ் நூல்களின் விவரம் தமிழ் எழுத்திலேயே இருக்கும். பன்னாட்டுத் தரவுத்தளங்களுக்காக ரோமன் எழுத்துப் பட்டியல் ஒன்று கூடுதலாகத் தரப்படலாம். அதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையைப் பின்பற்ற வேண்டும். ஆங்கிலத்திலும் எழுதிய க. கைலாசபதி போன்றவர்களின் பெயரை அவர்கள் தாமே எழுதிய விதத்திலேயே ஆங்கில நூல்களுக்குத் தர வேண்டும். அகரவரிசையைக் கணினியிடம் விட்டாலும் ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும்: யூனிகோடு குறியீட்டு வரிசையில் ‘ன’ பகரத்துக்கு முன்னும் ‘ற’ லகரத்துக்கு முன்னும் நிற்பதால், அதன்படி அடுக்கும் மென்பொருளில் வரிசை தப்பும்.

ஒருவர் காட்டிய மேற்கோளை மூலத்தைப் பார்க்காமல் எடுத்தாளும்போது, இரண்டையும் சொல்லி ‘மேற்கோள்’ என்று குறிக்க வேண்டும். இதில் குறைவு ஒன்றுமில்லை; பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டுவதுதான் குறை. அண்மைக் காலமாகச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் பட்டியல்களால் இந்தக் குறை பெருகியிருக்கிறது. இருக்கும் பதிப்பகத்தின் பெயரை இல்லாத நூலோடு ஒட்டி, நம்பும்படியான ஆண்டும் பக்க எண்ணும் சேர்த்து அவை கொடுத்துவிடுகின்றன. அந்தக் கருவிகளைக் கொண்டு வடிவத்தைச் சீர்செய்யத் தடையில்லை. ஆனால் பட்டியலில் உள்ள ஒரு நூல் உலகில் எங்கும் இல்லை என்று தெரியவந்தால், கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்கப்படும். விளக்கம் ஏற்கத் தக்கதாக இல்லையெனில் கட்டுரை மதிப்பீட்டாளருக்கு அனுப்பப்படாமலே திருப்பப்படும். வெளிவந்த பின் தெரியவந்தால், காரணத்தை அறிவித்து இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெறும்.