தாத்தா சொன்ன ‘கம்பெனி ரயில்’

கடந்த பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போர்ட்டிக்சனுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். சிலியாவ் பக்கம் வந்ததும், “இங்கதான் உன் கொள்ளுத்தாத்தா ரயில் ரோட்டுல வேலை செஞ்சாரு” என்று மகளிடம் சொன்னேன்.

“எந்தக் கம்பெனியில, அப்பா?”

சட்டென்று பதில் வரவில்லை. தாத்தா எப்போதும் ‘கம்பெனி ரயில்’ என்றுதான் சொல்வார். ஆனால் அவர் சம்பளம் வாங்கியது அரசாங்க ரயில்வேயில். பிறகு ஏன் கம்பெனி? வீடு திரும்பியதும் பழைய வரலாற்றைப் புரட்டினேன்.

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த பாதை அது. ஏறத்தாழ 39 கிலோமீட்டர். நெகிரியின் ஈயம் அதற்கு முன்பெல்லாம் லிங்கி ஆற்றில் படகேறித்தான் கடலுக்குப் போனது. வழியெங்கும் வரி, தாமதம். அதற்கு மாற்றாக வந்த ரயில் 1891-இல் ஓடத் தொடங்கியது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் அரசாங்கமே ரயில் பாதை போட்டது. இங்கே மட்டும் சுங்கை ஊஜோங் ரயில்வே என்ற தனியார் நிறுவனம் போட்டது. தாத்தாவின் அப்பா வேலைக்குச் சேர்ந்தது அந்த நிறுவனத்தில்தான். அப்பன் சொன்ன சொல் மகன் வாயிலும் நின்றுவிட்டது.

நிறுவனத்தின் நல்ல காலம் நீடிக்கவில்லை. 1901-இல் பேராக், சிலாங்கூர் ரயில்வேக்கள் ஒன்றாகி, ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வே பிறந்தது. அதே ஆண்டில் கிள்ளான் பக்கம் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகமும் திறக்கப்பட்டது. 1903-இல் பெரிய பாதை சிரம்பானைத் தொட்டது. அதுவரை சிரம்பான் சரக்கு ரயிலில் கடலுக்குப் போக ஒரே வழிதான் இருந்தது. இப்போது இரண்டாவது வழி கிடைத்துவிட்டது. இரு பக்கமும் அரசாங்க ரயில். நடுவில் ஒரு சின்னத் தனியார் பாதை. 1908-இல் அரசாங்கமே அதை வாங்கிக்கொண்டது.

அதன் பிறகு முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜப்பானியர் வந்தார்கள். பக்கத்து மலாக்கா பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போனார்கள். அந்த ரயில் வேலைக்குப் போன நம் தோட்டத்துப் பிள்ளைகளில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. 1948-இல் மலாயன் ரயில்வே என்ற பெயர் வந்தது. பின்னர் அதுவே கெரெத்தாப்பி தானா மெலாயு ஆனது. 1992-இல் மீண்டும் ஒரு ‘கம்பெனி’, கேடிஎம் பெர்ஹாட். போர்ட்டிக்சன் பாதையில் இன்று ரயில் இல்லை.

இந்த முதலாளிகள் அனைவரின் பெயரும் எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. வாங்கியவர், விற்றவர், ஆண்டு, எல்லாம் அச்சில் இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் கட்டை மாற்றியவர்கள், சல்லிக்கல் கொட்டியவர்கள், மழை இரவில் விளக்கைத் தூக்கிக்கொண்டு பாதையை நடந்து பார்த்தவர்கள், இவர்களில் ஒருவர் பெயர்கூட நான் படித்த பக்கங்களில் இல்லை. பெயர்ப்பலகை நாலைந்து தடவை மாறியிருக்கிறது. பாதையைக் காத்த கைகள் மட்டும் அப்பனிடமிருந்து மகனுக்குப் போயின.

எங்கள் வீட்டில் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. காக்கிக் கால்சட்டை, தோளில் துண்டு. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அன்றிரவு மகளிடம் பேனாவைக் கொடுத்தேன். அவர் பெயர், ஊர், ‘சிரம்பான் – போர்ட்டிக்சன் ரயில் பாதை’ என்று அவளே எழுதினாள். எந்த ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் என் அத்தை. அவருக்கு வயது எண்பத்து மூன்று. மறுநாள் காலையிலேயே போன் போட்டேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே அதைத் திருப்பிப் பாருங்கள்.