நான்கு ஆண்டில் கலைந்துவிடும் அணி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஒரு வீராங்கனைக்குக் கிடைப்பவை நான்கு பருவங்கள். அதற்குள் ஆட்டத்தில் தேறி, அணித்தலைவியாகி, பட்டமும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். 38 ஆண்டுகள் ஒரே அணிக்குப் பயிற்சி கொடுப்பவர், தான் உருவாக்கிய அணி முழுவதும் கலைந்துபோவதை ஏறக்குறைய ஒன்பது முறை பார்த்திருப்பார். மிச்சிகன் பல்கலைக்கழக சாப்ட்பால் பயிற்சியாளர் கேரல் ஹட்சின்ஸ் அப்படிப் பார்த்தவர். 1985 முதல் 2022 வரை அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். முதலில் ஒரு பருவம் ஃபெர்ரிஸ் ஸ்டேட் கல்லூரியில் பணியாற்றியதையும் சேர்த்தால், அவர் கணக்கில் 1,707 வெற்றிகள். ஓய்வுபெற்ற நாளில் அமெரிக்கக் கல்லூரி சாப்ட்பாலில் அவரைவிட அதிகம் வென்ற பயிற்சியாளர் கிடையாது.

ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அணியின் குணம் மட்டும் எப்படி மாறாமல் நிற்கிறது? இந்தக் கேள்விக்கு விளையாட்டுத் துறையில் வழக்கமாகத் தரப்படும் பதில், பயிற்சியாளரின் கண்டிப்பு, உணர்ச்சிகரமான பேச்சு, சுவரில் எழுதிய வாசகம். ஹட்சின்ஸிடம் கண்டிப்புக்குக் குறைவில்லைதான். ஆனால் அவரது வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்தால் பதில் வேறெங்கோ இருப்பது தெரியும்.

அவர் பயிற்சியாளராவதற்கு முன்பிருந்து தொடங்க வேண்டும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து, சாப்ட்பால் இரண்டும் ஆடியவர் அவர். 1976இல் அந்த சாப்ட்பால் அணி தேசியப் பட்டம் வென்றது. 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்றது. சட்டம் வந்த பிறகும் மிச்சிகன் ஸ்டேட்டின் மகளிர் கூடைப்பந்து அணிக்கு வெளியூர்ப் பயணத்தில் சாப்பாட்டுப் படியும் தங்கும் வசதியும் ஆடவர் அணிக்குச் சமமாகக் கிடைக்கவில்லை. 1979இல் அந்த வீராங்கனைகள் தம் பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். வழக்கின் தலைப்பில் இருக்கும் பெயர் ஹட்சின்ஸ்.

இந்தப் பின்னணியை ஒரு வரியில் கடந்துபோகக் கூடாது. ‘அணிக்காக உன்னைக் கொடு’ என்று மாணவியிடம் கேட்கும் உரிமை எல்லாப் பயிற்சியாளருக்கும் தானாக வந்துவிடாது. அணிக்கு நியாயமாகச் சேர வேண்டியதை மேலிடத்தில் வாதாடி வாங்கித் தருபவர் கேட்டால்தான் அந்தச் சொல் காதில் ஏறும். மேலே பணிந்து, கீழே மிரட்டும் பயிற்சியாளர்களை விளையாட்டுத் துறையில் நிறையவே பார்க்கிறோம். அவர்களுக்கு வெளிப்பணிவு கிடைக்கும். ஆட்டம் இறுகும் நேரத்தில் அணி கிடைக்காது.

அடுத்தது காத்திருத்தல். மிச்சிகனில் பருவம் தொடங்கும் பிப்ரவரியில் மைதானம் பனியில் கிடக்கும். முதல் சில வாரங்கள் தெற்கு, மேற்கு மாநிலங்களுக்குப் போய் அங்கேயே ஆடிவிட்டு வர வேண்டும். கலிபோர்னியா, அரிசோனா அணிகளுக்கு ஆண்டு முழுவதும் வெயில். ஹட்சின்ஸின் அணி ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு முதன்முறை போனது 1995இல். பொறுப்பேற்றுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகும் போவதும் தோற்றுத் திரும்புவதுமாகவே இருந்தது. எட்டாவது முறை, 2005இல் கோப்பை கிடைத்தது. என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு இந்தப் போட்டியை நடத்தத் தொடங்கிய பிறகு, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கேயிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் அணி அதுதான்.

யு.சி.எல்.ஏ. அணிக்கு எதிரான அந்த இறுதித் தொடரில் முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவது வெற்றி. மூன்றாவது ஆட்டம் 1-1 என்று சமநிலையில் நின்றது. ஏழு இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பத்தாவதுக்கு நீண்டது. அப்போது மூன்று ரன் தந்த ஹோம் ரன்னை அடித்தவர் சமந்தா ஃபிண்ட்லே. முதலாண்டு மாணவி! மூத்தவர்கள் நிறைந்த அணியில் நேற்று வந்த பெண், அந்த நெருக்கடியில் தயங்காமல் மட்டையை வீசுகிறார் என்றால் அதற்குத் திறமை மட்டும் போதாது. தவறினால் தன்னை யாரும் குதறமாட்டார்கள் என்ற தெம்பும் உள்ளே இருக்க வேண்டும். கண்டிப்பும் அவமதிப்பும் ஒன்றல்ல என்பதை நம் துறையில் பலர் இன்னும் ஏற்க மறுக்கிறார்கள். என் உறுதியான கருத்து: வீராங்கனையைக் கூனிக்குறுக வைக்கும் பயிற்சி எதுவும் பயிற்சி ஆகாது, அது கோப்பையோடு முடிந்தாலும்.

பொறுப்பேற்று இருபது ஆண்டுகள் தேசியப் பட்டம் இல்லாத பயிற்சியாளரைப் பல்கலைக்கழகம் மாற்றாமல் வைத்திருந்தது. மிச்சிகன் ஆடும் ‘பிக் டென்’ லீக்கில் அவர் தொடர்ந்து வென்றுவந்தார் என்பது ஒரு காரணம். ஓய்வுபெறுவதற்குள் அங்கே 22 லீக் பட்டங்கள். துணைப் பயிற்சியாளர்களும் அவரோடு நிலைத்தார்கள். பானி தோல் 1980களின் இறுதியில் அவரிடம் ஆடத் தொடங்கியவர். 1990களில் துணைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்து, கால் நூற்றாண்டுக்கும் மேல் கூடவே இருந்தார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் ஜெனிபர் பிரண்டேஜ் இருபது ஆண்டுகளுக்கும் மேல் துணைநின்றார். நான்கு ஆண்டில் மாணவிகள் கலையலாம். அவர்களுக்கு வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும், ஹட்சின்ஸையும் சேர்த்து மூவர் கலையவில்லை. மூத்த மாணவி இளையவளிடம் ஒப்படைப்பது நடந்தது. அது பிசகாமல் பார்த்துக்கொள்ள இந்த மூவரும் இருந்தார்கள்.

நீண்ட பதவிக்காலத்தில் ஆபத்தும் உண்டு. கேள்வி கேட்க ஆளில்லாத பயிற்சியாளர் மெல்ல மெல்லச் சிற்றரசர் ஆகிவிடுவார். அதற்கு ஒரே காப்பு, தனக்கு அடுத்தவரைத் தானே வளர்ப்பது. 2022இல் ஹட்சின்ஸ் விலகியதும் பொறுப்பு தோலிடம் போனது.

அந்தக் கைமாற்றத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. டைட்டில் நைன் வந்த ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி மகளிர் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். சட்டத்தால் பணமும் மதிப்பும் வந்தன. ஆண்களும் அந்தப் பதவிகளுக்கு வந்தார்கள். இன்று பெண்களின் பங்கு பாதிக்கும் கீழ். ஹட்சின்ஸ் இதைப் பற்றி ஓயாமல் பேசிவந்தவர். பேசியதோடு நிற்காமல், தன் மாணவியைத் தனக்குப் பின் அந்தப் பொறுப்புக்குத் தகுதியாக்கிவிட்டுப் போனார்.

கல்லூரி அணிகளுக்குப் பயிற்சியாளரை நியமிப்பவர்களுக்கும் மதிப்பிடுபவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: கோப்பைகளை எண்ணுங்கள், தவறில்லை. கூடவே, துணைப் பயிற்சியாளர்கள் அவரிடம் எத்தனை ஆண்டு தங்கினார்கள், அவரிடம் ஆடிய பெண்களில் எத்தனை பேர் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார்கள் என்றும் கேளுங்கள்.

- கட்டுரையாளர், கல்லூரி உடற்கல்வி இயக்குநர்.