யாளியைக் காவல் மிருகம் ஆக்காதீர்

யாளிக்கு இன்று இரண்டு ஆபத்துகள். ஒன்று, அது குமரிக்கண்டத்தில் வாழ்ந்து அழிந்த விலங்கு என்று இணையத்தில் ஓயாது சுற்றும் கதை. மற்றொன்று, மிகைபுனைவு எழுதப் புகுவோர் அதனை மேற்கின் ‘கார்காயில்’ ஆக்கிவிடுவது: பகலில் கல், இரவில் உயிர்பெற்றுப் பகைவரைக் கிழிக்கும் காவல் மிருகம். முன்னது நம் கற்பனையை மறுக்கிறது. பின்னது பிறர் கற்பனையைக் கடன் வாங்குகிறது. இரண்டையும் நாம் எதிர்க்கிறோம்.

அகநானூற்றிலும் நற்றிணையிலும் யானையை வீழ்த்தும் ‘ஆளி’ வருகிறது, உண்மை. ஆனால் கவிதை விலங்கியல் சான்றாகாது. சிங்க முகம், யானை முகம், ஆட்டு முகம் எனக் கோயிலுக்குக் கோயில் யாளி மாறுவதே அது உளியில் பிறந்தது என்பதற்குச் சாட்சி. எலும்பு கிடைத்தால்தான் பெருமை என்போர் சிற்பியை வெறும் நகலெடுப்பவனாக்குகின்றனர்.

கார்காயில் என்பதோ, கண்டிப்பான பொருளில், மழைநீரைச் சுவருக்கு அப்பால் உமிழும் தூம்புவாய். தொண்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்த பெயர். ரூவான் நகரில் புனித ரொமானுஸ் அடக்கிய நீர்நாகத்தின் எரியாத தலையைச் சுவரில் பதித்தனர் என்பது அதன் தொன்மம். பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தின் மேல்மாடத்திலிருந்து நகரை வெறிக்கும் புகழ்பெற்ற உருவங்கள் நீர் உமிழ்பவை அல்ல; 19ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-தூக் புதுப்பித்தபோது சேர்த்தவை. இரவில் விழிக்கும் கார்காயிலை உலகெங்கும் பரப்பியதில் 1994இல் வந்த டிஸ்னி தொடருக்குப் பங்குண்டு. தொழிலால் அதற்கு நிகரானது நம் கருவறையின் வடபுறத்துக் கோமுகியே, யாளி அன்று. சாளுவன்குப்பத்துக் குடைவரையைச் சுற்றி நிற்கும் யாளித் தலைகளைப் பார்த்துவிட்டு அதற்குப் ‘புலிக்குகை’ என்று பெயரிட்டவர்கள் நாம். சொல்லைத் தொலைத்தவர்களுக்குக் கடன் எளிதாகிவிடுகிறது.

நம் மரபில் கல் உயிர்பெறுவதில்லையா? பெறுகிறது; வேறொரு காரியத்திற்காக. திருவிளையாடற் புராணத்தில் கல்யானை கரும்பைத் தின்கிறது. அத்தோடு நில்லாமல் சித்தரைச் சோதிக்க வந்த பாண்டியனின் முத்துமாலையையும் பறித்துக்கொள்கிறது. விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தின் முப்பத்திரண்டு பதுமைகளும் போஜனை வழிமறித்து, இதில் அமர உனக்குத் தகுதி உண்டா என்று கேட்கின்றன. நம் கதைகளில் உயிரற்றது விழிப்பது காவலுக்கு அன்று, அதிகாரத்தை விசாரிப்பதற்கு.

இதை உத்திரமேரூரில் நின்று யோசித்தால் இன்னும் தெளிவாகும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையை விரிக்கும் அவை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் தேர்வுக்கே தகுதியற்றோர் என விலக்குகின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடைய பிரமதேயத்து ஆடவருக்கே அந்தக் குடத்தில் இடமிருந்தது; அதை மறைத்துப் பெருமை பேச நமக்கு விருப்பமில்லை. ஆயினும் பதவிக்கு வருபவனை மறித்துத் தகுதி கேட்கும் அந்தச் சுவருக்கும் பதுமைகளுக்கும் உள்ள உறவை நம் புனைகதையாளர் எவரேனும் கண்டதுண்டா?

மிகைபுனைவுக்கு வேலி ஏது, யாளிக்குச் சிறகு முளைத்தால் என்ன குற்றம் என்பர். குற்றமில்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றிப் பிறர் கனவை எழுதுவது கற்பனை அன்று, மொழிபெயர்ப்பு. உத்திரமேரூரின் யாளி ஓர் இரவு விழிக்கட்டும். அது யாரையும் கிழிக்க வேண்டாம். ஊரார் முன் வந்து நின்று கணக்கைக் கேட்கட்டும். அந்தக் கதைக்காகக் காத்திருக்கிறோம்.