கடலுக்கு முதுகு காட்டாதே

"டூர் பஸ்ஸில் போறதா? அதெல்லாம் ரிட்டயர் ஆனவங்க சமாச்சாரம் மச்சி."

வம்பு இப்படித்தான் ஆரம்பித்தது. 2024 அக்டோபர் விடுமுறைக்கு டப்ளினிலிருந்து ஐஸ்லாந்து போவதென்று நாங்கள் நால்வர் முடிவு செய்திருந்தோம். (விசா வாங்கப் பட்ட பாடு தனிப் பதிவு.) தெற்குக் கடற்கரைக்கு மட்டும் ஒரு நாள். இரண்டு பேர் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் இன்னொருவனும் கைடு வைத்த டூர் பஸ்ஸில் ஏறினோம். எனக்கு லைசென்ஸ் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், கொள்கைப் பிடிப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் :-)

போய் வந்தது முதல் வகுப்பில் இந்தச் சண்டை ஓயவில்லை. இந்த வருடம் போகத் திட்டமிடும் ஜூனியர்களும் அதையே கேட்கிறார்கள். ஆகவே என் கட்சியை எழுதியே வைத்துவிடுகிறேன். முதல்முறை போகிறவர்கள் கைடோடு போங்கள். வழி காட்டுவதற்காக இல்லை, வழி தெரிந்துகொள்ள போனே போதும். எங்கே நிற்கக்கூடாது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதற்காக.

ரெய்க்யவிக்கிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரத்துக்குள் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ். ஐஸ்லாந்து மொழியில் 'ஃபோஸ்' என்றாலே அருவிதான். 'செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் அருவி' என்பது நம்மூர் 'நடு சென்டர்' மாதிரி. உயரம் சுமார் 60 மீட்டர். பாறைக்குடைவு வழியாகத் தண்ணீருக்குப் பின்பக்கம் நடந்து சுற்றி வரலாம். குற்றாலத்தில் தலையைக் கொடுத்துப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பார்க்கலாம், நனையலாம், குளிக்க நினைத்தால் விறைத்துப் போவோம்.

அடுத்தது ஸ்கோகாஃபோஸ். இதுவும் கிட்டத்தட்ட அதே உயரம், அகலம் 25 மீட்டர். எல்லோரும் கேமராவைத் தூக்க, எங்கள் கைடு (ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, குரல் மட்டும் பி.டி. வாத்தியார் குரல்) எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னார். எதிரே தட்டையான வயல்வெளி, அதற்கப்பால் சில கிலோமீட்டர் தள்ளிக் கடல். "ஒரு காலத்தில் கடல் இங்கே, நீங்கள் நிற்கும் இடத்தில் இருந்தது" என்றார். இரண்டு அருவிகளும் விழுவது அந்தப் பழைய கடலோரப் பாறைச் சுவரிலிருந்துதானாம். அருவிக்கு முதுகைக் காட்டி நின்றபோதுதான் எனக்கு அருவியே புரிந்தது. காரில் போனவர்கள் இங்கே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். இருநூறு போட்டோ. இந்த விஷயம் தெரியாது.

மேலே தெரிந்த பனிமலை எய்யாஃப்யாட்லாயோகுட்ல். (பெயரை மூன்று முறை வேகமாகச் சொல்பவருக்கு என் செலவில் காபி.) 2010 ஏப்ரலில் வெடித்து, அதன் சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் நாள்கணக்கில் நின்றுபோயினவே, அதே எரிமலை. அடுத்து சோல்ஹைமாயோகுட்ல் பனியாறு. பக்கத்து ஊர் ஹ்வோல்ஸ்வோட்லூர் பள்ளிப் பிள்ளைகள் 2010 முதல் வருடாவருடம் வந்து, பனி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று அளக்கிறார்கள். இதற்குள் சில நூறு மீட்டர் போய்விட்டது. பனி இருந்த இடத்தில் இப்போது ஒரு ஏரி.

இனி ரெய்னிஸ்ஃபியாரா. கறுப்பு மணல் கடற்கரை. எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி வெடித்ததில் உண்டான பசால்ட் தூண்கள், அறுகோணம் அறுகோணமாக, யாரோ அடுக்கி வைத்த மாதிரி நிற்கும். கடலுக்குள் கூரான பாறைகள். விடிவதற்குள் குகைக்குத் திரும்பாத பூதங்கள் கல்லாகிவிட்டன என்று அதற்கு ஒரு கதை.

பஸ் நிற்கும் முன்பே கைடு மைக்கைப் பிடித்து, எங்கள் எல்லோரையும் பள்ளிப் பிள்ளைகள் போல ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வைத்தார். "கடலுக்கு முதுகு காட்ட மாட்டேன்." எல்லோரும் சிரித்தோம். தெற்கே வெகுதூரத்துக்குத் தடுக்க நிலமே இல்லாத அட்லாண்டிக், கரையை ஒட்டியே ஆழம். பத்து அலை சாதுவாக வரும், பதினோராவது விறுவிறுவென்று மேலேறி ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

சிரித்துவிட்டு இறங்கிய பத்தாவது நிமிடத்தில் என் நண்பன் செல்ஃபிக்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவன் நின்றது காய்ந்த மணல்கூட இல்லை, ஈர மணல். எனக்குத் தோன்றவில்லை. கைடு போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் ஓடினோம். அவன் நின்ற இடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்து போனது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் வெகுநேரம் பேசவே இல்லை.

2025 ஆகஸ்டில் அதே கடற்கரையில் ஒன்பது வயது ஜெர்மன் சிறுமியை அலை கொண்டுபோனது. செய்தி படித்தபோது அந்த ஈர மணல்தான் கண்ணில் நின்றது.

"போர்டு வச்சிருக்காங்களே, படிச்சா போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: போர்டு பெரிதாகவே இருக்கிறது. 2022-இல் எச்சரிக்கை விளக்கும் வைத்தார்கள். நாங்களும் அதைத் தாண்டித்தான் நடந்தோம். போர்டு நம்மைப் பார்த்துக் கத்தாது.

டூரில் குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. செல்யாலாண்ட்ஸ்ஃபோஸில் எங்களுக்குக் கொடுத்தது முப்பத்தைந்து நிமிடம். சில நிமிட நடையில், பாறைப் பிளவுக்குள் ஒளிந்திருக்கும் க்லியூஃப்ராபூயி என்ற இன்னொரு அருவியைப் பார்க்க முடியவில்லை. கார்க்காரர்கள் பார்த்தார்கள், இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். பஸ்ஸில் பாதிநேரம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எங்கே எடுத்தார்கள் என்ற பேச்சு வேறு. அதைக் குறைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் மண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கைடு என்ற பெயரில் பூதக்கதையும் சினிமாக்கதையும் மட்டும் சொல்லும் ஆள் அமைந்தால் காசு தண்டம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசி ஊர் வீக். குன்றின்மேல் சிவப்புக் கூரை போட்ட வெள்ளைத் தேவாலயம். ஊருக்குப் பின்னால் மிர்தால்ஸ்யோகுட்ல் பனிப்பாறை, அதற்கடியில் கட்லா எரிமலை. கட்லா கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918-இல். பனி உருகி வந்த வெள்ளம் அள்ளிக் கொட்டிய மண்ணில் கடற்கரைக் கோடே கடலுக்குள் தள்ளிப்போனது. மீண்டும் வெடித்தால் ஊர்க்காரர்கள் ஓடவேண்டிய இடம் அந்தத் தேவாலயம். அதற்கு ஒத்திகை பார்த்தும் வைத்திருக்கிறார்கள். கைடு அதைச் சொல்லிவிட்டு, "உங்களுக்கும் அதுவேதான்" என்று குன்றைக் கைகாட்டினார்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் நால்வரும் போட்டோக்களை மாற்றிக்கொண்டோம். கார்க்காரர்களிடமும் அந்தத் தேவாலயம் இருந்தது, எங்களுடையதைவிட நல்ல வெளிச்சத்தில். "செம லொகேஷன்ல கட்டியிருக்கான்ல?" என்றான் ஒருவன். அடுத்த படம் ரெய்னிஸ்ஃபியாரா. இரண்டு பேரும் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார்கள். பின்னால் அலை.