ஏரி வாரியம் எங்கே போச்சு?

தேர்தல் வந்தா போதும், எல்லாருக்கும் உத்திரமேரூர் ஞாபகம் வந்துடும். குடவோலை கண்ட மண் இதுன்னு மேடைக்கு மேடை முழங்குவாங்க. பள்ளிக்கூடப் பாடத்திலும் அதே கதைதான். குடத்துல ஓலையைப் போட்டாங்க, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க, அத்தோட முடிஞ்சுது. ஓலையில பேர் வந்த ஆளுங்க அப்புறம் என்ன வேலை பார்த்தாங்கன்னு கேட்கிறவன் இல்லை.

பதில் அந்தக் கல்வெட்டிலேயே இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டியது. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். வாரியத்தில் இருந்துட்டு கணக்குக் காட்டாமப் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது. அது பிரம்மதேய ஊர். நிலமும் வேதப் படிப்பும் இருந்த பிராமண ஆண்களுக்குத்தான் அதில் இடம். என் பாட்டனுக்குப் பாட்டன் அந்தச் சபை வாசல்ல நின்னிருக்கக்கூட முடியாது. அதனால பொற்காலம்னு நான் பாட வரலை. ஏரியைப் பார்க்கத் தனியா ஆள் வேணும், அந்த ஆள் கணக்குச் சொல்லணும்ங்கிற புத்தி இருந்தது. அது இன்னிக்கு எங்கேன்னுதான் கேட்கிறேன்.

உத்திரமேரூர் இருக்கிற அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் எங்க தண்டலமும் இருக்கு. பெங்களூர் ரோட்டுல கார்ல போறவங்களுக்கு எங்க பக்கம்னா ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கம்பெனி பஸ், கண்டெய்னர் லாரி. அந்த லாரிக்குப் பின்னாடி சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு பட்டம் நெல் விளைஞ்ச மண் இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ஏரி மாவட்டம்னே எங்க மாவட்டத்துக்குப் பேர்.

சட்டத்தில் குறை இல்லை. 73வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு உரிய வேலைன்னு 29 இனங்களைப் பட்டியல் போட்டது. அதில் முதல் இனம் எது தெரியுமா? தெருவிளக்கு இல்லை, சிமெண்ட் ரோடு இல்லை. வேளாண்மை, அதோட வேளாண் விரிவாக்கமும். விரிவாக்கம்னா ஆபீஸ் வார்த்தை, விவசாயிக்குப் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தர்றதுன்னு அர்த்தம். மூணாவது இனம் சிறு பாசனமும் நீர் மேலாண்மையும். 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தாச்சு. ஒவ்வொரு கிராம ஊராட்சியும் அஞ்சு குழு வைக்கணும். அதில் ஒண்ணு வேளாண்மைக்கும் நீர்வடிப்பகுதி மேலாண்மைக்கும். அதாவது ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் சேர்த்து ஒரே குழுவா அரசாங்கமே கொடுத்திருக்கு.

உங்க சொந்த ஊர்ல அந்தக் குழுவில் யார் யார் இருக்காங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்.

நான் போய் உட்கார்ந்த கிராம சபைகள்ல (ஊர் பேரு வேணாம்) குடிதண்ணிக் குழாய், குப்பை வண்டி, வீட்டு வரி, நூறு நாள் வேலைச் சம்பளம், இதோட பொழுது போயிடும். எல்லாமே வேண்டியதுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா வேளாண்மைக் குழு அறிக்கைன்னு ஒண்ணு படிச்சு என் காதால கேட்டதில்லை. ஒருமுறை எழுந்து கேட்டேன். அதெல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்குங்கன்னு பதில். குழு ரெஜிஸ்டர்ல இருக்கு, தண்ணி எங்கே இருக்கு?

ஏரிங்கிறது கரையும் மதகும் மட்டும் இல்லை. வரத்துக் கால்வாய் மேல ஊர்ல ஆரம்பிச்சு நாலு ஊர் நிலத்தைத் தாண்டி வரும். நடுவுல எங்கேயோ ஒரு லேஅவுட், எங்கேயோ ஒரு காம்பவுண்டு சுவர், எங்கேயோ ரோட்டுக்காகப் போட்ட சின்ன பைப்பு. ஐப்பசி மழையில அந்த இடத்துல தண்ணி தேங்கி புது வீட்டுக்காரர் ஹால்ல நுழையும். பங்குனியில நவரை கதிர் பிடிக்கிற நேரத்துல எங்க மதகுல சொட்டு வராது. ரெண்டுக்கும் காரணம் அதே அடைப்புதான். போய்க் கேட்டா, 100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு இருக்கிற ஏரி நீர்வளத் துறைக்கு, அதுக்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துக்கு, கால்வாய் புறம்போக்கு வருவாய்த் துறைக்குன்னு மூணு வாசல் காட்டுவாங்க. மழைக்கு முன்னாடி கால்வாயை நடந்து பார்த்து, எந்த சர்வே நம்பர்ல அடைப்புன்னு எழுதி, சபையில தீர்மானம் போட்டு மூணு வாசலுக்கும் அனுப்ப ஊருக்குள்ள ஆறு பேர் போதும். கோடி ரூபாய் திட்டம் எதுவும் வேண்டியதில்லை.

கம்பெனிதான் வந்தாச்சே, இன்னும் எதுக்குய்யா விவசாயம்னு படிச்சவங்களே கேட்கிறீங்க. கம்பெனி வேணாம்னு நான் சொல்லலை. எங்க பசங்க அதுலதான் சம்பாதிக்கிறாங்க. ஆனா 2006ல் உற்பத்தி தொடங்கின ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014ல் மூடினதையும் நாங்கதான் பார்த்தோம். கான்ட்ராக்ட் முடிஞ்சு முப்பது வயசுல வீட்டுக்கு வர்ற பையனுக்கு அப்பன் நிலம் ஒரு ஏக்கர் இருக்கலாம். நாற்று எப்படி விடணும், நோய்க்கு எது அடிக்கணும், எது அடிக்கக் கூடாதுன்னு அவனுக்குச் சொல்ல யார் இருக்கா? மருந்துக்கடைக்காரர் சொல்றதுதான் இப்போ வேளாண் கல்வி. அவர் விக்கிறதைத்தானே சொல்லுவார்.

உதவி வேளாண்மை அலுவலரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஒரு ஆளுக்குப் பல ஊர், கையில டார்கெட். பண்ணைப் பள்ளின்னு ஒண்ணு நடத்தி, பேனர் கட்டி, போட்டோ எடுத்து, டீ கொடுத்துட்டு அடுத்த ஊருக்கு ஓடுவார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்க ஊர்ல ஒரு குழு இருந்தாத்தானே நிப்பார்? கேரளாவுல 1987லேயே பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து கிருஷி பவன் வச்சுட்டாங்க. 1996 மக்கள் திட்டத்துல பணத்தையும் பஞ்சாயத்து கையில கொடுத்தாங்க. அங்கேயும் நெல் நிலம் குறைஞ்சுதான் போச்சு, மறைக்கலை. ஆனா ஒரு பூச்சி விழுந்தா எந்தக் கதவைத் தட்டணும்னு அங்க இருக்கிறவனுக்குத் தெரியும்.

நமக்கும் ஆள் இல்லாமல் இல்லை. டி.கே.எம். நெல் ரகங்கள் வந்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கு. ஆடு மாடு வளர்ப்புக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. ஊராட்சி ஒரு கடிதம் போட்டுக் கூப்பிடணும். நாற்று விடுறப்போ ஒரு நாள், தூர் கட்டுறப்போ ஒரு நாள், கதிர் வர்றப்போ ஒரு நாள்னு வரப்புலயே வகுப்பு. ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் பின்னாடி நிக்கட்டும். ஷிப்டு பசங்களுக்காக ஒரு வகுப்பை ஞாயித்துக்கிழமை வைக்கணும். இது கம்பெனி நேரம் தெரிஞ்ச ஊர்க்காரனுக்குத்தான் புரியும், மேலே இருந்து வர்ற திட்டத்துக்குப் புரியாது.

இதையெல்லாம் உங்ககிட்ட ஏன் சொல்றேன்? இந்தப் பக்கம் வீடு வாங்கி வந்தவங்க உங்கள்ல நிறைய பேர். வாக்காளர் பட்டியல்ல இங்க பேர் இருந்தா நீங்களும் கிராம சபை உறுப்பினர்தான். நான் போன சபைகள்ல கையெழுத்து நோட்டை நிரப்புறது நூறு நாள் வேலைக்கு வர்ற எங்க அக்கா, அத்தைங்கதான். அபார்ட்மெண்ட்ல இருந்து ஒரு ஆளைப் பார்க்கிறது அபூர்வம். எங்க பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியற தண்ணியில ஒரு பங்கு செம்பரம்பாக்கம் போகுது. அங்கிருந்துதான் சென்னை குடிக்குது. 2015 டிசம்பர்ல அடையாறு கரையில நின்னவங்களுக்கு அந்த ஏரியை நான் அறிமுகப்படுத்த வேண்டாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துல ஆறு நாள் சபை கூடும். அடுத்த கூட்டத்துக்கு வாங்க. வேளாண்மைக் குழு உறுப்பினர் பேரைப் படிங்க, போன வருஷம் எத்தனை தடவை கூடினாங்கன்னு சொல்லுங்கன்னு எழுந்து கேளுங்க. நான் கேட்டா, இவனுக்கு வேற வேலை இல்லைன்னு உட்கார வச்சுடுறாங்க. நீங்க கேட்டா ரெஜிஸ்டரைத் தேடியாவது எடுப்பாங்க.